முந்நூறு மில்லி

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே இருந்த மருந்துத் தர நிர்ணய மகாநிலையத்துக்குச் சின்னதாக எதைக் கண்டாலும் ஆகாது. மற்ற ஊர்களில் இருப்பவை வெறும் நிலையங்கள். இது மகாநிலையம். தசரா யானை வழி தவறி வந்தால்கூடத் தலை குனியாமல் உள்ளே நுழையலாம் என்று வாசல் கதவைக் காட்டி டைரக்டர் ஆழ்வார் விருந்தாளிகளிடம் பெருமைப்படுவார். உள்ளே வர வேண்டியவை மருந்துப் புட்டிகள்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. புட்டி அளவுக்குக் கதவு வைத்தால் நிலையத்துக்கு என்ன மரியாதை?

இப்பேர்ப்பட்ட இடத்தில் ரத்தினவேல் வந்து மாட்டிக்கொண்டதுதான் வினை. கொள்ளேகாலத்துக்காரன், வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். அவன் ஆராய்ச்சி முழுக்கச் சொட்டுக் கணக்கு. தலைமயிர் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், நீளமாக, கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுற்றி ஓர் அடுப்புப் பெட்டிக்குள் இருக்கும். கொசு குடிக்கும் அளவு மருந்தை ஊசியில் எடுத்து ஒரு முனையில் ஏற்றினால், அதில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் தன் வேகத்தில் ஓடி மறுமுனைக்குத் தனித்தனியாக வந்து சேரும். ஒன்று வந்து சேரும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் பேனா காகிதத்தில் ஒரு கூம்பு வரையும். கூம்பு எழுந்த நேரத்தை வைத்து, வந்தது யார் என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாட்டிலேயே நாலைந்து பேர்தான் இதை ஒழுங்காகச் செய்தார்கள். மகாநிலையத்தில் அதை ஒரு வியாதி மாதிரி பார்த்தார்கள். வருடாந்தர ஆய்வுக் கூட்டத்தில் டைரக்டர் நேராகவே கேட்டார்.

"இந்த வருஷம் எத்தனை லிட்டர் பிரிச்சே?"

"லிட்டரெல்லாம் இல்லீங்க சார். எல்லாத்தையும் சேத்தா ஒரு டீஸ்பூன் வருமுங்க."

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சம்பளத்தையும் டீஸ்பூனிலா கொடுக்கிறோம் என்று கணக்குப் பிரிவு கேட்டது. கடைசியில், குழாயின் பருமனைக் கட்டைவிரல் அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். குழாய் தடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வந்து சேரும், பிரிக்கவே முடியாது என்று ரத்தினவேல் மன்றாடினான். "சேர்ந்து வந்தா என்ன தப்பு? எப்பப் பார்த்தாலும் பிரிக்கறதுலயே இருக்கியே" என்றார் ஆழ்வார். மேல்கோட்டைப் பக்கத்துப் பெரிய கூட்டுக்குடும்பம் அவருடையது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆயுத பூஜைக்காக எல்லாரும் நிலையத்தில் கூடியிருந்த அன்று காலை பாப்பாத்தி என்ற பெண் வராமல் இருந்திருந்தால்.

சாம்பிள் பிரிவின் ஜன்னல் முன்னால் அவள் நின்றிருந்தாள். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு சின்னப் புட்டி, அடியில் இரண்டு விரற்கடை சிவப்புத் திரவம். பிரிவு அதிகாரி மஞ்சுநாத் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட கன்னடம் அவளுக்குப் பாதிதான் விளங்கியது. தமிழில் பதில் சொன்னாள். அந்தத் தமிழைக் கேட்டுத்தான் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ரத்தினவேல் நின்றான். அவன் அம்மா பேசுகிற தமிழ் அது.

"ஏனுங்க, எந்த ஊரு?"

"ஹனூருப் பக்கமுங்ண்ணா. இப்ப நஞ்சன்கூட்டுல நூல் மில்லுல வேலைங்க." அண்ணன் என்று ஒருத்தன் கிடைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எம் புள்ளைக்கு ஒண்ணுக்கே வர்லீங்ண்ணா. காச்சலுக்குன்னு கடையில குடுத்த மருந்துங்க இது. எங்க லைன் வீட்டுல ரெண்டு புள்ளைக போயிருச்சுங்க. ரெண்டும் இதே மருந்தத்தான் குடிச்சுதுங்க. டாக்டரம்மா இதக் கொண்டுக்கிட்டு ஓடுன்னாங்க."

மைசூர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஜயம்மா ஒரு சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். நஞ்சன்கூட்டுக் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் நின்றுபோகிறது. காய்ச்சல் சிரப்பில் விஷம் இருக்குமோ என்று சந்தேகம். உண்டா இல்லையா என்று இன்றைக்கே தெரிந்தால், அனுப்ரியா என்ற இந்தக் குழந்தையைப் பெங்களூருக்கு அனுப்பி ரத்தத்தைச் சுத்தம் செய்ய வைக்கலாம். அதைவிட முக்கியம், கடைகளில் விற்பதை நிறுத்தலாம். இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சிரப்பில் சேர்க்கிற நல்ல திரவத்துக்குப் பதில் வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற மலிவான திரவத்தைக் கலந்துவிடுவது உண்டு என்று ரத்தினவேல் படித்திருக்கிறான். இரண்டும் இனிக்கும், இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று குழந்தையைக் கொன்றுவிடும்.

"குடுங்க சார், ஒரு சொட்டு போதும்" என்று கையை நீட்டினான்.

மஞ்சுநாத் புட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது சாம்பிளே அல்ல சார். நூறு மில்லி ஒரு பங்கு, மொத்தம் மூணு பங்கு. ஒண்ணு நமக்கு, ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு கம்பெனிக்கு. முந்நூறு மில்லி பேக்கு, வேணும்."

"இந்தப் பாட்டிலே அறுபது மில்லிதானுங்களே. உடைக்காத புதுப் பாட்டில் வந்தாக்கூட ஆகாதுங்களே?"

"ஆகாது. அதனாலதான் நம்ம மகாநிலையத்துல இன்னும் ஒரு சிரப்புகூட ஃபெயில் ஆனதில்ல, கொத்தா, தெரியுமா?" மஞ்சுநாத்தின் முகத்தில் நிஜமான பெருமை இருந்தது.

"கடையில நாலஞ்சு வாங்கிட்டு வந்து ஒண்ணா ஊத்தட்டுங்களா?"

"நீங்க ஊத்தினா அது கலப்படம் சார். சர்க்கார் ஊத்தினா சாம்பிள். மருந்து இன்ஸ்பெக்டர்தான் எடுக்கணும். அவரு தசரா ரஜாவுல ஊருக்குப் போயிருக்காரு."

அவர் பொல்லாத மனிதர் இல்லை. பாப்பாத்திக்கு உட்கார ஸ்டூல் போட்டவரும் அவர்தான். மந்திரி வந்தாலும் அந்த ஸ்டூல்தான், அதற்கும் ஏதோ விதி இருந்தது. ரத்தினவேல் ஜன்னலுக்குள் கையை விட்டான். மஞ்சுநாத் தடுப்பதற்குள் தன் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் குப்பியில் சில சொட்டுகளைச் சாய்த்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தைப் பார்த்து ஓடினான்.

அங்கே அவனுடைய இயந்திரத்துக்கு நெற்றி நிறைய குங்குமம். ஆயுத பூஜை என்றால் மைசூரில் அரிவாள்மணை, சைக்கிள், பஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். போட்டபின் விஜயதசமி முடிகிறவரை தொட மாட்டார்கள். மகாநிலையமும் அப்படித்தான். வருஷமெல்லாம் உழைத்துக் களைத்த இயந்திரங்களுக்கு ஓய்வு வேண்டாமா? வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்காத இயந்திரங்களும் அங்கே களைத்துப்போய் நின்றன.

ஊசி ஏற்றும் துளையின் ரப்பர் மூடியில் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. யாரோ பக்தியோடு இரண்டு முறை அப்பியிருந்தார்கள். ரத்தினவேல் வாசலை ஒரு தரம் பார்த்தான். எல்லாரும் மைக் செட்டுக்கு முன்னால் இருந்தார்கள். பேனாக் கத்தியால் சந்தனத்தைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தான். அடுப்பைச் சூடாக்கினான். முதலில் அலமாரியிலிருந்த விஷத்தையே எடுத்து ஒரு துளி ஏற்றி, அதன் கூம்பு எங்கே எழுகிறது என்று காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டான். குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, அனுப்ரியா குடித்த மருந்தை ஆல்கஹாலில் கரைத்து ஊசியில் எடுத்தான்.

ஒலிபெருக்கியில் டைரக்டரின் உரை தொடங்கிவிட்டது. ஆழ்வார் கன்னடத்தில் பேசினார். கன்னடத்திலும் அது கீழே வருகிற இதே லட்சணத்தில்தான் இருந்தது.

"இந்த மகாநிலையம் தொடங்கிய நாளிலிருந்து, நாம் கொடுத்த அறிக்கை தவறு என்று ஒரு புகார்கூட வந்ததில்லை."

பேனா நேர்கோடு வரைந்துகொண்டிருந்தது. முதல் கூம்பு எழுந்து விழுந்தது. அது ஆல்கஹால்.

"காரணம் என்ன? நாம் அவசரப்பட்டு அறிக்கை கொடுப்பதில்லை. பல வருஷங்களில் அறிக்கையே கொடுப்பதில்லை!"

கைதட்டல். நேர்கோடு. ரத்தினவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சில் கோட்டையே பார்த்தான். வராமல் போய்விடு, வராமல் போய்விடு என்று உதடு முணுமுணுத்தது. வாழ்நாளெல்லாம் பொருள்களைப் பிரித்துக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவன், முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

"மருந்தில் குறை தேடிக் கம்பெனிகளின் மனத்தைப் புண்படுத்துவது நம் பண்பாடு அல்ல."

கோட்டை நெருங்கியதும் பேனா எழுந்தது. எழுந்து, மேலே தொங்கிய சாமந்தி மாலையில் சிக்கி நின்றது. ரத்தினவேல் மாலையைப் பற்றி இழுத்தான். நார் அறுந்து பூக்கள் சிதறின. விடுபட்ட பேனா விருட்டென்று மேலேறி, காகிதத்தின் விளிம்பில் முட்டி, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றுவிட்டது. துணுக்கு அளவு கலப்படமாக இருந்தால் சின்னக் கூம்பு வரும். இது குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாக விஷத்தையே ஊட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவன் காகிதத்தைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டான்.

நிலையத்தில் இருந்த ஒரே டெலிபோனுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி டைரக்டரின் பட்டு வேஷ்டி இடுப்பில். பாப்பாத்தியையும் கூட்டிக்கொண்டு பஸ் திருப்பத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடினான்.

"உறுதியா சொல்றீங்களா?" என்றார் டாக்டர் ஜயம்மா.

"ஆமாங்க டாக்டர். புள்ளைய உடனே அனுப்பிருங்க."

"இதோ, வண்டி வெளியிலதான் நிக்குது. ஆனா கடைங்களுக்கு நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க டைரக்டர் கையெழுத்தும் சீலும் போட்ட காகிதம் வேணும். அது இல்லாம ஒரு பாட்டிலக்கூட எடுக்க மாட்டாங்க."

பாப்பாத்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொழச்சுக்குமுங்களாண்ணா?" ரத்தினவேல் ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றிவிட்டான்.

டைரக்டர் பிரசாதத் தட்டோடு இருந்தார். காகிதச் சுருளை விரித்துக் காட்டி ரத்தினவேல் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தான். ஆழ்வார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"குங்குமத்தை அழிச்சியா?"

"சார், புள்ளைங்க சாகுதுங்க."

"அழிச்சியான்னு கேட்டேன். பூஜை ஆனப்புறம் மிஷின் ஓய்வுல இருக்கு. ஓய்வுல இருக்கற மிஷின் எப்படி ரிசல்ட் குடுக்கும்? குடுக்காது. அதனால இது ரிசல்ட் இல்லை." தர்க்கம் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில் அவருக்கே திருப்தி. ரத்தினவேல் கையில் சுண்டலை வைத்தார். "பதட்டப்படாதே. நாங்கள்லாம் கல் நெஞ்சா என்ன? விஜயதசமி முடியட்டும். முறைப்படி கமிட்டி போட்டு, பெரிய பியூரெட்டுக் குழாய்ல ஊத்தி அளந்து, எல்லாருக்கும் கண்ணுல தெரியற மாதிரி பண்ணிடுவோம். ஒரு சொட்டை வச்சுண்டு ஒரு கம்பெனியவே குத்தம் சொன்னா, மகாநிலையத்தோட கௌரவம் என்ன ஆறது?"

மறுநாள் ஊரே யானை பார்க்கக் கிளம்பிய நேரத்தில் ரத்தினவேல் நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏறினான். கடை கடையாக ஏறி இறங்கினான். காகிதத்தை விரித்துக் காட்டினான். ஒரு கடைக்காரர் அதை ஈசிஜி என்று நினைத்து, யாருக்கு நெஞ்சுவலி என்று அனுதாபமாக விசாரித்தார். இன்னொருவர், சீல் எங்கே என்றார். சீல் இல்லை என்றதும், போட்டிக் கம்பெனிக்காரன் அனுப்பினானா என்று கேட்டுவிட்டு, அவன் கண் முன்னாலேயே ஒரு பெண்ணிடம் அதே சிரப்பைக் கொடுத்துச் சில்லறை எண்ணினார். ரத்தினவேல் அவள் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கினான். நாலு பேர் கூடி அவனை வெளியே தள்ளினார்கள். புட்டியைத் தூசி தட்டி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து நிலையம் திறந்த அன்று கமிட்டி கூடியது. மேஜை நடுவே ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, கழுத்துவரை இளஞ்சிவப்புத் திரவம். ரத்தினவேலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்த பாட்டில்ல மிச்சம் இருந்ததுதான் சார்" என்றார் மஞ்சுநாத். "பாபம், அந்தம்மா அழுதது மனசுக்குக் கேக்கல்ல. சுத்தமான தண்ணி சேத்து முந்நூறு மில்லி ஆக்கிட்டேன். சேக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல, மூணு தடவை படிச்சேன்."

நன்மை செய்த முகத்தோடு அவர் சொன்னதைக் கேட்டு ரத்தினவேலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கமிட்டி வேலையில் இறங்கியது. ஆளுயரப் பியூரெட் நிறுத்தப்பட்டது. அதன் உச்சியைப் பார்க்க ஏணி கொண்டுவந்தார்கள். நிறம் இருக்கிறது. வாசனை இருக்கிறது. காய்ச்சல் மருந்து, சேர்த்த தண்ணீருக்குக் கழிவு போட்டுப் பார்த்தால், புட்டிமேல் அச்சடித்த அளவுக்கு அப்படியே இருக்கிறது.

"பாஸ்" என்றார் ஆழ்வார்.

"சார், மருந்து சரியாத்தான் இருக்குமுங்க! அது கூட என்ன இருக்குன்னு பாருங்க சார்!"

"இதோ பாரு ரத்தினவேலு. மருந்து இருக்கான்னு பார்க்கத்தான் சர்க்கார் நம்மை வச்சிருக்கு. இருக்கு. கூட வேற என்ன இருக்குன்னு பார்க்கப் போனா அதுக்கு முடிவே கிடையாது."

மகாநிலையத்தின் சரித்திரத்தில் அத்தனை வேகமாக ஓர் அறிக்கை வெளியே போனதில்லை. கையெழுத்து, சீல், கூடவே ஒரு வாழ்த்து. நஞ்சன்கூட்டுக் கடைகளில் அதன் நகலை ஒட்டிவைத்தார்கள். பயந்துபோய் மருந்தை நிறுத்தியிருந்த சில வீடுகள் அதைப் பார்த்து மறுபடியும் கொடுக்க ஆரம்பித்தன. அனுமதியின்றிச் சொட்டு எடுத்ததற்கும், குங்குமம் அழித்ததற்கும், மாலை அறுத்ததற்கும் ரத்தினவேலிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவன் பதில் எழுதவில்லை. யாரைப் பார்த்தாலும் அவனுக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது, முதலில் தன்னையே.

அடுத்த வாரம் டாக்டர் ஜயம்மா நிலையத்துக்கே போன் செய்தார். அனுப்ரியாவுக்குச் சிறுநீர் இறங்கிவிட்டது, பிழைத்துக்கொண்டாள். ரத்தினவேல் டைரக்டர் அறையிலேயே, டைரக்டருக்கு எதிரிலேயே, தேம்பி அழுதான். வார்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். டாக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது மஞ்சுநாத் உள்ளே வந்தார். இரண்டு கையாலும் ஒரு ஜாடியை அணைத்துப் பிடித்திருந்தார். வாயில் துணி கட்டி அரக்குச் சீல். உள்ளே நல்ல கெட்டிச் சிவப்பு.

"வந்துடுச்சு சார். போலீஸ் குடுத்தனுப்பினது. தண்ணி ஒரு சொட்டுகூட சேக்கல்ல. ஒரிஜினல். முந்நூறு மில்லிக்கு மேலயே இருக்கு."

"ஏதுங்க இத்தனை?"

"நஞ்சன்கூடு வீடுங்கள்ல மிச்சம் இருந்த பாட்டில் எல்லாம் தேடிச் சேத்தது. ஒவ்வொண்ணுலயும் அடியில ஸ்வல்ப ஸ்வல்பதான் இருந்ததாம்." மஞ்சுநாத்தின் குரல் இறங்கியது. "இனி வேண்டாம்னு குடுத்துட்டாங்களாம், அந்த வீட்டுக்காரங்க."

முந்நூறை அடியில் தங்கிய கொஞ்சத்தால் வகுத்தால் எத்தனை வீடு என்று ரத்தினவேலின் மனசு தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஆழ்வார் எழுந்து வந்து ஜாடியைச் சுற்றிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது; ஆனால் ஜாடியின் அளவு அவருக்குப் பழைய தெம்பைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பதாகச் சொன்னார். மூன்று பங்கு பிரிக்கச் சொன்னார். ரத்தினவேலின் இயந்திரத்தைச் சுற்றி நாற்காலிகள் போடச் சொன்னார்.

"இப்ப முறைப்படி இருக்கு. நீயே பண்ணு, ரத்தினவேலு. கமிட்டி பார்க்கட்டும். வேணுங்கற மட்டும் எடுத்துக்கோ."

ரத்தினவேல் ஊசியை ஜாடிக்குள் இறக்கினான். வெளியே எடுத்தான். கமிட்டி எட்டிப் பார்த்தது. ஊசிக்குள் ஏதாவது இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியவில்லை.

"என்னப்பா, அவ்வளவுதானா?" என்றார் டைரக்டர்.

"அன்னைக்கும் இவ்வளவுதானுங்க கேட்டேன்" என்றான் ரத்தினவேல்.